வரலாற்று ஆசிரியர் கற்க வேண்டிய பாடம்

இலங்கையில் ஒருவர் பயிற்றப்பட்ட ஆசிரியராவதற்கு மூன்று வழிகள் உள்ளன. உயர்தரப் பரீட்சையில் சித்தியடைந்ததும் தேசிய கல்வியியற் கல்லூரிக்குச் செல்வது முதல் வழி. இரண்டு ஆண்டுகள் விடுதியில் தங்கிப் படித்து, மூன்றாம் ஆண்டில் ஏதாவதொரு பாடசாலையில் கட்டுறுப் பயிற்சியை முடித்தால் தேசிய கற்பித்தல் டிப்ளோமா கிடைக்கும். 1986 ஆம் ஆண்டின் 30 ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் இயங்கும் இக்கல்லூரிகளில் மட்டக்களப்புக்கு உரியது தாழங்குடாவில், கடலுக்கும் வாவிக்கும் இடைப்பட்ட மணல் நிலத்தில் இருக்கிறது. பயிற்சி பெறாமலே சேவையில் சேர்ந்தவர்கள் ஆசிரியர் கலாசாலைக்குச் சென்று படிப்பது இரண்டாவது வழி. பல்கலைக்கழகப் பட்டம் பெற்று, நியமனமும் பெற்று, பாடசாலையில் கற்பித்துக்கொண்டே பட்டப்பின் கல்வி டிப்ளோமாவை முடிப்பது மூன்றாவது வழி.

இந்தக் கட்டுரை மூன்றாவது வழியைப் பற்றியது. கலைப்பட்டதாரிகளில் பெரும்பாலோர் செல்லும் வழி அதுதான். என்னோடு பல்கலைக்கழகத்தில் இருந்தவர்களிலும் பலர் அப்படியே ஆசிரியரானார்கள். நான் பத்திரிகைக்குப் போனேன். இரண்டு தொழில்களுக்கும் அடிப்படை ஒன்றே என்பதை நெடுங்காலம் கழித்துத்தான் உணர்ந்தேன். அதைப் பின்னர் சொல்கிறேன்.

அமெரிக்காவில் உயர்நிலைப் பள்ளியில் சமூகக் கல்வி கற்பிக்க விரும்பும் ஒருவர், பொதுவாக வரலாறு, புவியியல், அரசறிவியல், பொருளியல் ஆகியவற்றைக் கல்லூரியில் கற்று, கற்பித்தல் முறையியலையும் கற்று, அனுபவமுள்ள ஆசிரியர் ஒருவரின் கண்காணிப்பில் பல வாரங்கள் கற்பித்துக் காட்டி, மாநில அரசின் அனுமதிப் பத்திரத்தையும் பெற்ற பின்னரே நிரந்தரமாக வகுப்பறைக்குள் நுழைகிறார். தமிழ்நாட்டிலும் பட்டத்துக்குப் பின் பி.எட். முடித்தவரே பட்டதாரி ஆசிரியர் பணிக்குத் தகுதி பெறுகிறார். 2015 முதல் அந்தப் படிப்பு இரண்டு ஆண்டுகளாகியிருக்கிறது. எங்களிடம் வரிசை தலைகீழானது. முதலில் நியமனம், பிறகு பயிற்சி. அந்த நியமனத்துக்கே ஆண்டுக்கணக்கில் காத்திருக்க வேண்டும். 2017 இல் மட்டக்களப்பு காந்திப் பூங்காவில் வேலையற்ற பட்டதாரிகள் வெயிலிலும் மழையிலும் சத்தியாக்கிரகம் இருந்ததைக் கண்டவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. அப்படிக் காத்திருந்து நியமனக் கடிதம் பெற்ற ஒருவர் அடுத்த திங்கட்கிழமை வெண்கட்டியோடு நிற்கிறார். எப்படிக் கற்பிப்பது என்பதை அதன் பின்னர், சில வேளை சில ஆண்டுகள் கழித்து, வார இறுதி வகுப்புகளில் கற்கிறார்.

என் தமக்கையின் மகள் அப்படி ஒருவர். பட்டத்தில் புவியியலைச் சிறப்பாகக் கற்றவர். படுவான்கரையில் ஒரு சிறிய பாடசாலையில் நியமனம் கிடைத்தது. வெளியூர் வாசகர்களுக்குச் சொல்ல வேண்டும்: ஏறத்தாழ 56 கிலோமீற்றர் நீளமான எங்கள் வாவியின் கிழக்குக் கரை எழுவான்கரை, மேற்குக் கரை படுவான்கரை. பொழுது எழும் கரையும் படும் கரையும். நகரமும் பெரிய பாடசாலைகளும் எழுவானில். வயலும் குளமும் ஆசிரியர் பற்றாக்குறையும் படுவானில். 2014 இல் மண்முனைப் பாலம் திறக்கப்படும் வரை அந்த இடத்தில் வாவியைக் கடக்கப் 'பாதை'க்காகக் காத்து நிற்க வேண்டும். மிதவைக்கு எங்கள் ஊரில் பெயர் அதுதான். இப்போது பாலம் இருக்கிறது. ஆயினும் வரலாற்றுப் பட்டதாரி அந்தப் பாலத்தைக் கடந்து வரவில்லை. ஆகவே புவியியல் படித்த மருமகளிடமே வரலாறும் கொடுக்கப்பட்டது.

இதை ஓர் அதிபரின் விருப்பமாகக் கருதக்கூடாது. இதற்குப் பின்னால் ஒரு நீண்ட கதை உண்டு. 1972 ஆம் ஆண்டின் கல்விச் சீர்திருத்தம் வரலாறு, புவியியல், குடியியல் ஆகிய பாடங்களைக் கலைத்துச் 'சமூகக் கல்வி' என்ற ஒரே பாடமாக்கிற்று. சமூகக் கல்வி என்ற கருத்து அமெரிக்காவில் 1916 ஆம் ஆண்டின் குழு அறிக்கை ஒன்றால் நிலைபெற்றது. பிள்ளையை நல்ல குடிமகனாக்குவதே அதன் நோக்கம். இங்கே அந்தப் பெயரின் கீழ் ஒரு தலைமுறை ஆசிரியர்கள் மூன்று பாடங்களிலும் சிறிது சிறிது கற்பித்தார்கள். நானும் அவர்களிடமே படித்தேன். பின்னர் 'சமூகக் கல்வியும் வரலாறும்' என்று பெயர் நீண்டது. 2007 ஆம் ஆண்டின் சீர்திருத்தத்தில் வரலாறு மீண்டும் தனிப் பாடமாகி, சாதாரண தரம் வரை கட்டாயமாயிற்று. புவியியலும் குடியியற் கல்வியும் 10 ஆம் தரத்திலிருந்து விருப்பப் பாடங்களாயின. ஆனால் பாடத்தைப் பிரித்த வேகத்தில் ஆசிரியரை உருவாக்க முடியாது. நேற்றுவரை சமூகக் கல்வி ஆசிரியராக இருந்தவர் இன்று வரலாற்று ஆசிரியர் என்று அழைக்கப்பட்டார், அவ்வளவுதான்.

மருமகளின் பட்டப்பின் கல்வி டிப்ளோமாப் பாடநெறிக் குறிப்புகளை நான் ஆவலோடு வாசித்தேன். கல்வித் தத்துவம், கல்வி உளவியல், கல்விச் சமூகவியல், ஒப்பீட்டுக் கல்வி, கணிப்பீடும் மதிப்பீடும், வழிகாட்டலும் ஆலோசனையும், பாடக் கற்பித்தல் முறையியல், கற்பித்தல் பயிற்சி, செயல்நிலை ஆய்வு. ரூசோவும் ஜோன் டூயியும் வருகிறார்கள். காந்தியும் தாகூரும் வருகிறார்கள். பியாஜேயின் வளர்ச்சிப் பருவங்களும் புளூமின் பகுப்பியலும் வருகின்றன. 2007 சீர்திருத்தத்தோடு அறிமுகமான ஐந்து 'ஈ' மாதிரியில், அதாவது ஈடுபடுதல், கண்டறிதல், விளக்குதல், விரிவாக்குதல், மதிப்பிடுதல் என்ற ஒழுங்கில், பாடக்குறிப்பு எழுதப் பழக்குகிறார்கள். இவற்றில் எதையும் வீண் என்று நான் சொல்லமாட்டேன். பிள்ளை ஏன் பேசாமல் இருக்கிறது, ஏன் படித்ததை மறக்கிறது என்பதை விளங்கிக்கொள்ள உளவியல் தனக்கு உதவியதாக மருமகளே சொன்னார். பின்வாங்கில் ஒதுங்கியிருந்த ஒரு பிள்ளைக்கு எழுத்துக் கூட்டத் தெரியாது என்பதைக் கணிப்பீட்டு ஒப்படைக்காகத் தயாரித்த சிறு சோதனையொன்றின் மூலம்தான் அவர் கண்டுபிடித்தார்.

இடர்ப்பாடு வேறிடத்தில் வந்தது. கற்பித்தல் பயிற்சிக் காலத்தில் மட்டக்களப்புக் கோட்டை பற்றிய பாடத்தை எடுத்துக்கொண்டிருந்தார். புளியந்தீவில் 1628 இல் போர்த்துக்கேயர் கட்டியது. 1638 மே மாதத்தில் கண்டி மன்னன் இரண்டாம் இராஜசிங்கனோடு சேர்ந்து ஒல்லாந்தர் அதைக் கைப்பற்றினார்கள். இலங்கையில் அவர்கள் கைக்கு வந்த முதலாவது போர்த்துக்கேயக் கோட்டை அதுவே. பாடம் ஒழுங்காகப் போய்க்கொண்டிருக்கையில் ஒரு பையன் எழுந்து, "அந்த நேரம் எங்கட ஆக்கள் எங்க இருந்த, டீச்சர்?" என்று கேட்டான்.

மேற்பார்வைக்கு வந்தவரின் படிவத்தில் பிரவேசம், கரும்பலகைப் பயன்பாடு, கற்றல் உபகரணம், நேர முகாமைத்துவம் என்று கட்டங்கள் இருந்தன. அந்தக் கேள்விக்குக் கட்டம் இருக்கவில்லை. "அது பாடத்துக்கு வெளியே" என்று சொல்லிவிட்டு நேரத்துக்குப் பாடத்தை முடித்தால் புள்ளி குறையாது. மருமகள் அப்படிச் சொல்லவில்லை. "தேடிப் பார்த்துச் சொல்கிறேன்" என்றார். அன்று மாலை என்னிடம் வந்து, "மாமா, அந்தப் பிள்ளைக்கு என்ன சொல்லுறது? எனக்கே தெரியாதே" என்றார்.

அவருக்குத் தெரியாதது ஒரு தகவல் மட்டுமாக இருந்திருந்தால் புத்தகத்தை எடுத்துக் கொடுத்து முடித்திருப்பேன். கோட்டையைப் பற்றி எழுதியவர்கள் யார்? போர்த்துக்கேயர் தம் மன்னனுக்கு எழுதினார்கள். ஒல்லாந்தர் தம் கம்பனிக்கு எழுதினார்கள். வாவியில் தோணி வலித்தவனும் வயலில் நெல் விதைத்தவனும் யாருக்கும் கடிதம் எழுதவில்லை. ஆகவே அந்தப் பையன் கேட்டது வரலாற்றில் எவருடைய குரல் பதிவாகிறது என்ற கேள்வி. அது வரலாற்றுக் கல்வியின் மையமான கேள்வி. அதை எப்படிக் கையாள்வது என்று ஓர் ஆசிரியைக்குக் கற்றுக் கொடுப்பதுதான் வரலாறு கற்பிக்கும் முறையியல். ஐந்து படிகளில் பாடக்குறிப்பு எழுதுவது எல்லாப் பாடத்துக்கும் பொது. இது வரலாற்றுக்கே உரியது. இதற்குத்தான் பாடநெறியில் மிகக் குறைந்த நேரம் கிடைத்தது.

பத்திரிகைத் தொழிலோடு இதற்கு உள்ள உறவு இங்கேதான். கொழும்பில் ஒரு சம்பவம் நடந்தால் மறுநாட் காலையில் மூன்று மொழிப் பத்திரிகைகளும் மூன்று விதமாக எழுதும். செய்தி மேசையில் இருப்பவன் முதலில் கேட்பது: சொன்னவர் யார்? அவர் அங்கே இருந்தாரா? யாருக்காகச் சொல்கிறார்? வேறு யார் இதை உறுதிப்படுத்துகிறார்? வரலாற்று ஆசிரியரும் பிள்ளைகளுக்குப் பழக்க வேண்டிய கேள்விகள் இந்த நான்கும்தான். எங்கள் நாடு வரலாற்றைத் தனிப் பாடமாக வேண்டாமென்று விட்ட அதே 1972 இல், இங்கிலாந்தில் பள்ளி வரலாற்றுக்கான புதிய செயற்திட்டமொன்று தொடங்கப்பட்டது. பழைய ஆவணங்களைப் பிள்ளைகளின் கையிலே கொடுத்து, ஒன்றோடொன்று ஒப்பிடச் செய்து, முடிவுக்கு வர விடுவது அதன் வழி. இங்கேயும் அதற்கு வாசல் இல்லாமலில்லை. 10 ஆம் தர வரலாற்றுப் பாடநூல் மூலாதாரங்கள் பற்றிய அத்தியாயத்தோடுதான் தொடங்குகிறது. இலக்கிய மூலாதாரம், தொல்லியல் மூலாதாரம் என்று பிள்ளைகள் வகை பிரித்து மனனம் செய்கிறார்கள். ஒரு மூலாதாரத்தையேனும் கையிலே எடுத்துப் பார்க்காமல் அந்த அத்தியாயத்தைக் கடந்து போகிறார்கள்.

மருமகளின் செயல்நிலை ஆய்வுக்குத் தலைப்பு வேண்டியிருந்தது. கோட்டையை விட்டுவிட்டு, பிள்ளைகளின் வீட்டுக்கு அருகே உள்ள ஒன்றை எடுப்போம் என்றேன். முகத்துவாரத்தைத் தெரிவு செய்தோம். பாலமீன்மடுவுக்கு அருகே வாவி கடலோடு சேருமிடத்தில் மணல் அடைத்துக்கொள்ளும். மாரி மழையில் வாவி பெருகினால் படுவான்கரையின் தாழ்ந்த வயல்களில் நீர் தேங்கும். 'முகத்துவாரத்தை வெட்டுங்கள்' என்று விவசாயிகள் கேட்பார்கள். உரிய காலத்துக்கு முன் வெட்டினால் வாவியின் நீர் வற்றி மீனும் இறாலும் போய்விடும் என்று மீனவர்கள் அஞ்சுவார்கள். எப்போது வெட்டுவது என்ற முடிவு ஒவ்வொரு மாரியிலும் கச்சேரிக்கு ஒரு தலையிடி. புவியியல், பொருளியல், குடியியல், வரலாறு நான்கும் இந்த ஒரு மணல் திட்டில் இருக்கின்றன. சமூகக் கல்வி என்று 1916 இல் அவர்கள் கனவு கண்டது இதைத்தான் என்று எனக்குத் தோன்றுகிறது.

பிள்ளைகள் வீட்டு முதியவர்களிடம் கேட்டு எழுதி வந்தார்கள். எழுவான்கரையில் உறவினர் உள்ள இரண்டு பிள்ளைகள் அங்கேயுள்ள மீனவர்களிடமும் கேட்டார்கள். 1978 நவம்பர் சூறாவளிக்கு முன்னும் பின்னும் வாவி எப்படி இருந்தது என்று ஒரு மூதாட்டி சொன்னதைப் பேத்தி ஐந்து பக்கம் எழுதியிருந்தாள். அதே வெள்ளத்தைப் பற்றி இரண்டு கரையிலும் சொல்லப்பட்டவை ஒத்துவரவில்லை. யார் பொய் சொன்னது என்று வகுப்பில் வாதம் எழுந்தது. முதலில் கேள்வி கேட்ட அதே பையன், இரண்டு பேரும் பார்த்ததைத்தான் சொன்னார்கள், வேறு வேறு கரையில் நின்று பார்த்தார்கள் என்றானாம். அதை மருமகள் தொலைபேசியில் சொன்னபோது எனக்கு ஏற்பட்ட மகிழ்ச்சியை, என் பெயர் முதற்பக்கத்தில் வந்த நாள்கூடத் தந்ததில்லை.

இவ்வளவு தூரம் மணலையும் வெள்ளத்தையும் பற்றிப் பேசியது, சொல்லக் கடினமான ஒன்றுக்கு வருவதற்காகத்தான். இந்த வாவிக் கரையில் வரலாறு என்பது வெள்ளத்தோடு முடிவதில்லை. மட்டக்களப்பு மாவட்டத்தில் ஐந்து கல்வி வலயங்கள் உள்ளன. தமிழ்ப் பிள்ளைகள் தமிழ்ப் பாடசாலைகளிலும் முஸ்லிம் பிள்ளைகள் முஸ்லிம் பாடசாலைகளிலும் படிக்கிறார்கள். மொழி ஒன்று, பாடநூல் ஒன்று, பரீட்சை ஒன்று. வகுப்பறை மட்டும் வேறு. 1990 ஆகஸ்ட் 3 இல் காத்தான்குடிப் பள்ளிவாசல்களில் தொழுதுகொண்டிருந்தவர்கள் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். செப்டெம்பர் 5 இல் வந்தாறுமூலையில் கிழக்குப் பல்கலைக்கழக வளாகத்தில் தஞ்சமடைந்திருந்தவர்களில் 158 பேர் இராணுவத்தினரால் கொண்டுசெல்லப்பட்டார்கள்; அவர்கள் திரும்பவில்லை. செப்டெம்பர் 9, சத்துருக்கொண்டான். ஆறு வாரங்களுக்குள் இவ்வளவும். ஒரு கரையின் பிள்ளை ஒரு நாளை நினைவு வைத்திருக்கிறது. மற்றப் பிள்ளை வேறொரு நாளை. ஒருவரின் நாள் மற்றவருக்குத் தெரியாது. ஆசிரியராகப் போகும் கலைப்பட்டதாரிகள் பலர் பயில்வது அதே வந்தாறுமூலை வளாகத்தில்தான்.

பாடநூலில் இல்லாத இந்த நாட்களைப் பதினைந்து வயதுப் பிள்ளைகளிடம் எப்படிப் பேசுவது? பேசாமல் விட்டாலும் பிள்ளை வீட்டிலும் கைத்தொலைபேசியிலும் கற்றுக்கொள்கிறது. ஒரு பக்கத்தை மட்டும் கற்றுக்கொள்கிறது. ஆயத்தமில்லாத ஆசிரியர் பேசினால் ஆறிய புண் மறுபடி திறக்கலாம். அதிபர் அஞ்சுகிறார், வலயக் கல்வி அலுவலகம் அஞ்சுகிறது, ஆசிரியருக்குத் தன் இடமாற்றத்தைப் பற்றிய அச்சம். இந்த அச்சங்கள் எல்லாம் நியாயமானவை. ஆகவேதான் இதைத் தனி ஆசிரியரின் துணிச்சலுக்கு விட்டுவிடாமல் பயிற்சிக்குள் கொண்டுவர வேண்டும் என்கிறேன். முகத்துவாரத்தில் பழகிய பிள்ளைக்கு, தன் கரையில் நின்று பார்த்ததைத் தவிர இன்னொரு பார்வையும் உண்டு என்பது தெரியும். கடினமான பாடத்துக்குப் போகும் வழி எளிய பாடத்தின் ஊடாகத்தான்.

பகிர்ந்துகொள்ள நல்லவையும் நிறைய உண்டு. தாய்வழிக் குடிமுறை இந்தக் கரையின் தமிழரிடமும் முஸ்லிம்களிடமும் இருக்கிறது. மகளுக்கு வீடு கொடுத்து மணம் செய்வதும், மருமகன் பெண்வீட்டுக்கு வந்து வாழ்வதும் இரு சாராருக்கும் வழமை. முக்குவர் சட்டம் என்று பிரித்தானியர் காலத்து நீதிமன்றங்கள் ஆராய்ந்தது இந்த வழமையைத்தான். 'உங்கள் வீட்டில் குடி உண்டா?' என்ற கேள்வியை மண்முனையிலும் காத்தான்குடியிலும் ஒரே வாரத்தில் இரண்டு வகுப்புகளில் கேட்டு விடைகளை மாற்றிக்கொண்டால், அதைவிடச் சிறந்த குடியியற் பாடம் வேறென்ன?

இதற்கு நேரம் எங்கே என்று ஆசிரியர்கள் கேட்பார்கள். நியாயமான கேள்வி. சாதாரண தர வினாத்தாளில் நாற்பது பல்தேர்வு வினாக்களும் வரைபடக் குறிப்பும் காத்திருக்கின்றன. பெற்றோர் கேட்பது பெறுபேற்றை. 2025 இல் புதிய சீர்திருத்த யோசனைகள் வெளியானபோது வரலாறு கட்டாயப் பாடமாக நீடிக்குமா என்று பெரும் வாதம் நடந்தது. அந்த வாதத்தில் வரலாற்றை யார் கற்பிப்பது, அவரை யார் பயிற்றுவது என்று கேட்ட குரலை நான் அதிகம் கேட்கவில்லை. பாடத்திட்டம் முழுவதையும் மாற்றச் சொல்லவில்லை. தவணைக்கு ஒரு உள்ளூர் மூலாதாரம், பயிற்சி பெறும் ஒவ்வொரு வரலாற்று ஆசிரியரும் தன் ஊரிலிருந்து தயாரிக்க வேண்டிய ஒரு ஒப்படை, மேற்பார்வைப் படிவத்தில் 'பிள்ளையின் கேள்விக்கு ஆசிரியர் இடமளித்தாரா' என்று ஒரு கட்டம். இவ்வளவு செய்தால் போதும்; தொடக்கமாகிவிடும்.

இது எங்கள் மண்ணுக்குப் புதிதுமன்று. காரைதீவில் பிறந்த சுவாமி விபுலானந்தர் துறவியாவதற்கு முன் கொழும்பில் ஆசிரியர் பயிற்சி பெற்றவர். மட்டக்களப்பு மான்மியத்தை 1962 இல் பதிப்பித்த எவ்.எக்ஸ்.சி. நடராசாவும், 1964 இல் மட்டக்களப்புத் தமிழகம் என்ற நூலைத் தந்த வி.சீ. கந்தையாவும் ஆசிரியத் தொழிலில் இருந்தவர்கள். இந்த ஊரின் வரலாற்றைத் தேடித் தொகுத்தவர்கள் வகுப்பறையிலிருந்தே வந்தார்கள்.

கடைசியாக ஒரு வேண்டுகோள். இதை லண்டனிலும் ரொறன்ரோவிலும் சிட்னியிலும் இருந்து வாசிப்பவர்களில் எத்தனையோ ஓய்வுபெற்ற ஆசிரியர்கள் இருக்கிறீர்கள். ஆசிரியர்களின் பிள்ளைகளும் இருக்கிறீர்கள். உங்கள் பெட்டியில் ஒரு பழைய பாடசாலை மலர் இருக்கும். தந்தையின் நாட்குறிப்போ சூறாவளி நாட்களில் எழுதிய கடிதமோ கலாசாலைக் கால நிழற்படமோ இருக்கும். அவற்றைக் குப்பையில் போட்டுவிடாதீர்கள். ஈழத்து நூல்களையும் ஆவணங்களையும் எண்ணிமமாக்கி வைக்கும் நூலகம் இணையத்தளம் 2005 முதல் இயங்கிவருகிறது, அங்கே கொடுங்கள். அல்லது நீங்கள் படித்த பாடசாலைக்கு ஒரு பிரதி அனுப்புங்கள். படுவான்கரையில் ஒரு ஆசிரியை தன் பிள்ளைகளின் கையில் கொடுப்பதற்கு உண்மையான ஒரு தாளைத் தேடிக்கொண்டிருக்கிறார்.